தீப்பாறைகளை அடையாளம் காண்பது எப்படி: முதன்முதலாகக் கல்லைக் கையில் எடுப்பவர்களுக்கு

பாறைகளைக் கற்றுக்கொள்ள வருகிற பலர் முதலில் செய்வது இதுதான்: கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, படங்கள் போட்ட பக்கம் எதையாவது திறந்து, இது அந்த மாதிரி இருக்கிறதா, இல்லை இந்த மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போவார்கள். பறவைக்கு இந்த வழி ஓரளவு சரிப்பட்டு வரும். கல்லுக்கு வராது. கிரானைட் ஒன்றே இளஞ்சிவப்பாக, சாம்பலாக, கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கும். அதே நேரம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலு பாறைகள் கறுப்பாக, பார்வைக்கு ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதனால் பெயரைத் தேடிப் போகாதீர்கள். தீப்பாறையை, அதாவது உருகிய குழம்பு ஆறி இறுகிய பாறையைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள்தான் முக்கியம். படிகங்கள் எவ்வளவு பெரியவை? அவை என்னென்ன கனிமங்கள்? குழம்பு எங்கே, எவ்வளவு வேகமாக ஆறியது என்பதை முதல் கேள்வி சொல்லிவிடும், அது எப்படிப்பட்ட குழம்பு என்பதை இரண்டாவது சொல்லிவிடும், இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பெயர் தானாக வந்து விழும். பாறை உருவாகும் கதையை முதலில் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் பிறகு கல்லில் நாம் தேடப்போகிற ஒவ்வொரு அடையாளமும் அந்தக் கதை விட்டுப்போன தடம்தான்.

கல் எப்படி உருகுகிறது

நம் காலடியில், மேலோட்டுக்குக் கீழே எங்கு பார்த்தாலும் தீக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் கவசம் என்கிற அடுக்கு கிட்டத்தட்ட முழுக்கத் திடமான பாறை. அங்கே சூட்டுக்குக் குறைவில்லை, ஆனால் மேலிருந்து அழுத்தும் எடை அதை உருகவிடுவதில்லை. இந்த இழுபறியில் ஏதாவது ஒரு பக்கம் தளர்ந்தால்தான் குழம்பு உண்டாகும்.

தளர்வதற்கு மூன்று வழிகள் உண்டு. கடலடியில் நிலத்தட்டுகள் விலகும் இடங்களில் சூடான கவசப் பாறை மெல்ல மேலே ஏறி வருகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது, சூடு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை, ஒரு கட்டத்தில் அதில் ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது. உலகில் உண்டாகும் மாக்மாவில் (பூமிக்குள் இருக்கும் உருகிய குழம்புக்கு இதுதான் பெயர்) பெரும்பகுதி இப்படித்தான், யார் கண்ணிலும் படாமல் கடலுக்கடியில் உண்டாகிறது. ஐஸ்லாந்தில் அந்தக் கடலடி மேடு தண்ணீருக்கு மேலே தலை நீட்டுவதால் அங்கே நேரில் பார்க்கலாம். இரண்டாவது வழி தண்ணீர். ஒரு கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்கும்போது, அதன் கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் வெளியேறி மேலே உள்ள கவசப் பாறையில் கலக்கிறது, நீர் சேர்ந்த பாறை காய்ந்த பாறையைவிடப் பல நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஆண்டீஸ், ஜப்பான், இந்தோனேசிய எரிமலைகளெல்லாம் இந்த வகை. மூன்றாவது, ஏற்கெனவே உருகிய மாக்மா மேலோட்டுக்குள் வந்து தங்கி, சுற்றியுள்ள பாறையையும் உருக்குவது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பகுதியில் ரயோலைட் என்ற வெளிர் எரிமலைப் பாறை அவ்வளவு கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் நினைவில் வைக்கவேண்டிய விஷயம், பாறை முழுதாக உருகுவது அபூர்வம் என்பது. எளிதில் உருகக்கூடிய பங்கு மட்டும் பிரிந்து மேலே வருகிறது, அதில் தாய்ப்பாறையைவிடச் சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) கூடுதலாக இருக்கும். கவசத்தின் பெரிடோடைட் பாறையில் ஒரு பங்கு உருகினால் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறையின் குழம்பு கிடைப்பது இதனால்தான்.

ஆறும் வேகமும் படிகத்தின் அளவும்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட, கிரானைட்டும் பசால்ட்டும் ஆதிக் கடலில் படிந்து உண்டானவை என்று நம்பிய அறிஞர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர் இருந்தார்கள். ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பார்த்தபோது, அங்கே சிவப்புக் கிரானைட் நரம்புகள் சுற்றியிருந்த பழைய பாறையைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்திருந்தன. புகுந்தது பிறகு வந்ததாகத்தான் இருக்க வேண்டும், புகும்போது குழம்பாகவும் இருந்திருக்க வேண்டும். அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹால் இன்னும் ஒரு படி மேலே போய், பசால்ட்டை உலையில் உருக்கி ஆறவைத்துப் பார்த்தார். சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி வந்தது. அதே குழம்பை மெதுவாக ஆறவிட்டால் படிகங்கள் நிறைந்த கல்லாக வந்தது. 1798இல் அவர் எடுத்துச் சொன்ன அந்த முடிவுதான் இன்று நாம் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்து, இது ஆழத்தில் ஆறியது, இது வெளியே ஆறியது என்று சொல்வதற்கு அடிப்படை.

காரணம் எளிது. படிகம் வளர வேண்டுமென்றால் அணுக்கள் குழம்புக்குள் நகர்ந்து போய்ச் சரியான இடத்தில் சேர வேண்டும், அதற்கு அவகாசம் வேண்டும். பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் சுற்றிலும் பாறை போர்த்தியிருக்க, ஒரு பெரிய மாக்மாத் திரள் ஆற லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட ஆகும், அதனால் அங்கே படிகங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிடும். வெளியே கொட்டிய குழம்பின், அதாவது லாவாவின் மேல்தோல் நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் லாவா என்றாலே உடனே ஆறிவிடும் என்றும் எண்ண வேண்டாம்: ஹவாயில் கிலாவேயா இக்கி பள்ளத்தில் 1959இல் தேங்கிய லாவா ஏரி நூறு மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது, அது அடிவரை இறுக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பாறை அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி.

சில குழம்புகள் இரண்டு தவணையாக ஆறும். ஆழத்தில் மெதுவாக ஆறிக்கொண்டிருக்கும்போது சில படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிடும், அந்த நேரம் பார்த்து எரிமலை வெடித்து எல்லாம் வெளியே வந்தால் மிச்சக் குழம்பு சட்டென்று இறுகிவிடும். நுண்ணிய பின்புலத்தில் பெரிய படிகங்கள் பதிந்து கிடக்கும் அந்தக் கல்லுக்கு பொர்ஃபிரி என்று பெயர். புதியவர்களுக்கு இது நல்ல வரம், ஏனென்றால் பின்புலம் ஒன்றும் சொல்லாதபோது அந்தப் பெரிய படிகங்கள்தான் கனிமம் என்ன என்று காட்டிக்கொடுக்கும்.

பெரிய படிகம் என்றால் மெதுவாக ஆறியது என்ற கணக்குக்கு ஒரு பெரிய விதிவிலக்கும் உண்டு, அது பெக்மடைட். ஒரு கிரானைட் திரள் ஆறி முடியும் தறுவாயில் நீரும் வேறு ஆவிப்பொருள்களும் மிகுந்த கடைசிக் குழம்பு மிஞ்சும், அதில் அணுக்கள் தாராளமாக நகரும், புதிய படிகங்கள் அதிகம் முளைக்காது, முளைத்தவை மட்டும் அசுரத்தனமாக வளரும். அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் எட்டா என்ற சுரங்கத்தில் 12 மீட்டருக்கும் நீளமான ஸ்போடுமீன் என்ற லித்தியம் கனிமத்தின் படிகம் இப்படிக் கிடைத்தது.

குழம்பின் குணம்

தீப்பாறைகளை நான்கு குடும்பங்களாகப் பிரிப்பது சிலிக்காவின் அளவை வைத்து. எடையில் சுமார் 65 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா இருந்தால் வெளிர் நிறக் கிரானைட் குடும்பம், 52 முதல் 65 வரை நடுத்தரக் குடும்பம், 45 முதல் 52 வரை இருண்ட பசால்ட் குடும்பம், அதற்கும் கீழே போனால் பெரிடோடைட் குடும்பம். எல்லைகளை ஒவ்வொருவர் ஓரிரு சதவீதம் தள்ளிப் போடுவார்கள், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சிலிக்கா கூடினால் குழம்பு கெட்டியாகும். பசால்ட் குழம்பு 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில் வெளியே வந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடும். தக்காணப் பீடபூமியில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓடி அடுக்கடுக்காகப் பரவியது இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடிக் கிடக்கிறது. ரயோலைட் குழம்பு அதைவிட நூற்றுக்கணக்கான டிகிரி குறைந்த சூட்டில் வரும், நகரவே திணறும், உள்ளே சிக்கிய வாயு வெளியேற வழியில்லாமல் வெடித்துச் சிதறும். அதனால்தான் பசால்ட்டைப் பாய்ந்த அடுக்காகவும், சிலிக்கா மிகுந்தவற்றைப் பெரும்பாலும் சாம்பலும் நுரைக்கல்லுமாகவும் பார்க்கிறோம்.

இன்னொன்று, கனிமங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படிகமாவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்மன் போவென் ஆய்வகத்தில் பாறைக் கலவைகளை உருக்கி ஆறவிட்டுக் கண்டறிந்த வரிசை இன்றும் பாடமாக இருக்கிறது: முதலில் ஒலிவின், பிறகு பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், கருமைக்கா, அதற்குப் பக்கத்திலேயே கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் மெல்ல மெல்லச் சோடியம் மிகுந்ததாக மாறிக்கொண்டு வரும், கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும். மனப்பாடம் செய்ய விருப்பமில்லையா, பரவாயில்லை, இந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவைதான் ஒரே கல்லில் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மக்னீசியம் மிகுந்த ஒலிவினும் குவார்ட்ஸும் ஒரே குழம்பிலிருந்து சேர்ந்து படிகமாகாது, ஆக ஒரே கல்லில் இரண்டையும் பார்த்ததாகத் தோன்றினால் ஏதோ ஒன்றைத் தப்பாகப் பார்த்திருக்கிறீர்கள்.

கையில் என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ். இது இல்லாமல் தொடங்க வேண்டாம், மற்றதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எஃகுக் கத்தி அல்லது ஆணி, ஒரு சிறு காந்தம், ஒரு குப்பி தண்ணீர், கொஞ்சம் வினிகர், சுத்தியல், கண்ணை முழுக்க மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, குறிப்பேடு. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும். கல்லுக்கு மேலே லென்ஸைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதல் படி: புதிய முகத்தைப் பாருங்கள்

வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேல்தோலில் இரும்பு துருப்பிடித்திருக்கும், ஃபெல்ஸ்பார் களிமண்ணாக வெளுத்திருக்கும், பாசி படர்ந்திருக்கும். கன்னங்கரேல் என்ற பசால்ட்டுக்கு வெளியே காவி நிறத் தோல் இருப்பது சர்வசாதாரணம். அந்தத் தோலைப் பார்த்து முடிவு செய்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது, எனவே ஒரு ஓரத்தை உடைத்துப் புதிய முகத்தைத் திறந்து, தண்ணீர் விட்டுக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தெறிக்கும் சில்லு, அதுவும் ஆப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியின் சில்லு, சவர அலகைவிடக் கூர்மையாக இருக்கும். பாதுகாக்கப்பட்ட இடங்களிலும், பலர் வந்து பார்க்கிற அழகான பாறை முகப்புகளிலும் சுத்தியலை வெளியே எடுக்காதீர்கள், கீழே உதிர்ந்து கிடப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: இது தீப்பாறைதானா?

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். லென்ஸில் பார்க்கும்போது மணிகள் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்று கவனியுங்கள். மணற்கல் செங்கல்லும் சாந்தும் போல, உருண்டு தேய்ந்த மணிகளும் நடுவில் அவற்றைப் பிடித்திருக்கும் வேறொரு பொருளுமாக இருக்கும். தீப்பாறையில் அந்த நடுப்பொருள் கிடையாது. ஒவ்வொரு படிகமும் பக்கத்துப் படிகத்தை நெருக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும், ஓரங்கள் கோணல்மாணலாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கலந்து கிடக்கும்.

படிகங்கள் ஒரு திசையில் வரிசை கட்டி, வெளிர்ப் பட்டையும் இருண்ட பட்டையும் மாறிமாறி வந்தால் அது பெரும்பாலும் நைஸ் என்ற உருமாறிய பாறை. கிரானைட்டில் இருக்கும் அதே கனிமங்கள்தான் அதிலும் இருக்கும், எனவே கனிமத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். கல் முழுக்க ஒரே கனிமமாக, கத்தியால் எளிதில் கீறலாக விழுந்து, வினிகரில் நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்கு (பளிங்கு மெதுவாகத்தான் நுரைக்கும், கொஞ்சம் பொடியாக்கிப் பாருங்கள்). முழுக்கக் குவார்ட்ஸாக, கத்தியையே கீறுகிற அளவு கடினமாக இருந்தால் குவார்ட்ஸைட். நுரைத்தால் தீப்பாறை இல்லை என்ற விதி ஏறக்குறைய எப்போதும் செல்லும். ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், பழைய பசால்ட்டின் துளைகளில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் நிரம்பியிருக்கலாம், அப்போது துளை மட்டும் நுரைக்கும். அப்புறம் கார்பனேட் கனிமங்களால் ஆன கார்பனடைட் என்ற விசித்திரமான தீப்பாறை ஒன்று உண்டு, தான்சானியாவின் ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலை இன்றும் அந்த வகைக் குழம்பைத்தான் கக்குகிறது, ஆனால் அது உங்கள் கையில் வந்து சேரும் வாய்ப்பு மிகக் குறைவு.

அதைவிட அதிகம் ஏமாற்றுவது உலைக்கசடு. இரும்பு உருக்கும் ஆலைகளின் கழிவு. துளைகளோடு, கண்ணாடிப் பளபளப்போடு, வழிந்தோடிய வரிகளோடு அசல் லாவா மாதிரியே இருக்கும். நீலமோ பச்சையோ கலந்த பளிச்சென்ற கண்ணாடி, உள்ளே உலோகக் குண்டுமணிகள், சுற்றுவட்டாரத்தில் எரிமலைப் பாறையே இல்லாமல் ரயில் பாதை ஓரத்திலோ கொட்டிய மண்ணிலோ தனியாகக் கிடந்தது என்ற தகவல், இவை மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாம் படி: மணியின் அளவு

கைநீட்டும் தூரத்தில் வைத்தே படிகங்கள் தனித்தனியாகத் தெரிந்தால் பருமணிப் பாறை, ஆழத்தில் ஆறியது. தெரிகிறது, ஆனால் லென்ஸ் வைத்தால்தான் பிரித்துப் பார்க்க முடிகிறது என்றால் நடுத்தரம். டைக் எனப்படும் செங்குத்துச் சுவர்களாகப் பாறை இடுக்கில் புகுந்து ஆறிய டோலரைட் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். லென்ஸிலும் பிடிபடவில்லை என்றால் நுண்மணி, அதாவது லாவா அல்லது மிக மெல்லிய நரம்பு. படிகமே இல்லாமல் கண்ணாடியாக உடைந்தால் அது இன்னொரு வகை, அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

நான்காம் படி: கனிமங்களைப் பிரித்தறிதல்

இங்கே நேரம் செலவிடுங்கள். பொதுவான தீப்பாறைகளில் ஏழெட்டுக் கனிமங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றைத் தெரிந்துகொண்டால் நூறு பாறைப் பெயர்களை மனப்பாடம் செய்ததைவிட அதிகம் பயன்.

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் இரண்டையும் பிரிப்பதுதான் முதல் வேலை. இரண்டும் கத்திக்கு மசியாது, இரண்டும் வெளிறியவை, ஆகவே கடினத்தை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கல்லை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள். ஃபெல்ஸ்பாருக்குப் பிளவுத்தளம் உண்டு, தட்டையான முகங்களாக உடையும், ஏதோ ஒரு கோணத்தில் அந்த முகம் முழுதும் சட்டென்று மின்னும். குவார்ட்ஸுக்குப் பிளவு கிடையாது. சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டு போல, லேசான எண்ணெய்ப் பளபளப்போடு, எப்படித் திருப்பினாலும் தட்டையாக மின்னாமல் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு கிடக்கும். கிரானைட்டில் சாம்பலாகத் தெரிவதைப் பார்த்து அது ஏதோ இருண்ட கனிமம் என்று தள்ளிவிடாதீர்கள், அது ஒளி ஊடுருவும் குவார்ட்ஸ், பின்னால் இருக்கும் இருட்டைத்தான் காட்டுகிறது.

ஃபெல்ஸ்பாரிலும் இரண்டு உண்டு. இளஞ்சிவப்பு என்றால் அநேகமாகப் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார், ஆனால் அது வெள்ளையாகவும் இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மின்னும் முகத்தை லென்ஸில் பார்த்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான நுண்கோடுகள் இணையாக ஓடினால் அது பிளேஜியோகிளேஸ். முதல் சில கற்களில் இந்தக் கோடு கண்ணுக்குச் சிக்காது, சாய்வான வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நேரம் தெரியும், ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் விடாது.

இருண்ட கனிமங்களில் மைக்கா எளிது: ஊசி முனையால் நெம்பினால் ஏடு ஏடாக உரியும். உரியாமல் நீளமான குச்சிகளாகக் கறுப்பாக இருந்தால் ஹார்ன்பிளெண்ட் அல்லது பைராக்சீன். இந்த இரண்டில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். பைராக்சீனின் இரண்டு பிளவுகள் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும், எனவே உடைந்த முனை சதுரமாக, படிகம் குட்டையாகத் தெரியும். ஹார்ன்பிளெண்டில் அவை சுமார் 56 டிகிரியிலும் 124 டிகிரியிலும் சந்திக்கும், முனை சாய்சதுரமாக, படிகம் நீளமாக, பளபளப்பும் கூடுதலாக இருக்கும். கையில் உள்ள கல்லில் உறுதியாகச் சொல்ல முடியாத நேரம் நிறைய வரும், அப்போது துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: பக்கத்தில் குவார்ட்ஸ் இருந்தால் ஹார்ன்பிளெண்டுக்கு வாய்ப்பு அதிகம், ஒலிவின் இருந்தால் பைராக்சீனுக்கு. ஒலிவின் பாட்டில் பச்சையில், சர்க்கரை மணி அளவில், பிளவே இல்லாமல் கண்ணாடி போல இருக்கும், வெயில் பட்டுப் பழசானால் துருச் சிவப்பாகிவிடும்.

ஐந்தாம் படி: பெயர்

இப்போது இரண்டு பதில்களையும் சேர்க்கலாம். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் தாராளமாக, இருண்டவை கொஞ்சமாக, பருமணியாக இருந்தால் கிரானைட். அதே குழம்பு வெளியே கொட்டி ஆறியிருந்தால் ரயோலைட். குவார்ட்ஸ் இல்லை அல்லது மிகக் குறைவு, வெள்ளைப் பிளேஜியோகிளேஸும் கறுப்பு ஹார்ன்பிளெண்டும் கலந்து உப்பும் மிளகும் தூவினது போல இருந்தால் டயோரைட், அதன் நுண்மணி வடிவம் ஆண்டிசைட். பைராக்சீனும் பிளேஜியோகிளேஸும் கலந்து இருண்டு கனமாக இருந்தால் காப்ரோ, நுண்மணியானால் பசால்ட், நடுத்தரமானால் டோலரைட். ஒலிவினும் பைராக்சீனும் மட்டும் இருந்தால் பெரிடோடைட். அதன் லாவா வடிவமான கோமட்டைட் கிட்டத்தட்ட எல்லாமே 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது, பூமி இன்னும் சூடாக இருந்த காலத்துச் சரக்கு.

கடைகளில் கறுப்பு கிரானைட் என்று விற்கிற பலகைக் கல் பெரும்பாலும் காப்ரோவோ டோலரைட்டோதான். குவார்ட்ஸ் இல்லாமல் கிரானைட் இல்லை: முறையான வகைப்பாட்டில் வெளிர்க் கனிமங்களில் குறைந்தது 20 சதவீதம் குவார்ட்ஸ் இருந்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி. கட்டடக்காரர்களுக்குக் கடினமாக, மெருகு ஏறினால் போதும், அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

மணி தெரியாத கற்களுக்கு

ஒரு கனிமமும் தெரியாமல் மழமழவென்று ஒரு கல் இருந்தால் என்ன செய்வது? முதலில் பின்புலத்தில் எங்காவது பெரிய படிகம் பதிந்திருக்கிறதா என்று தேடுங்கள். குவார்ட்ஸ் கண்கள் தெரிந்தால் ரயோலைட் பக்கம், வெள்ளைப் பிளேஜியோகிளேஸும் கறுப்பு ஹார்ன்பிளெண்டும் தெரிந்தால் ஆண்டிசைட் பக்கம், பச்சை ஒலிவின் தெரிந்தால் பசால்ட். எதுவும் இல்லையென்றால் நிறம்: வெளிர், நடுத்தரச் சாம்பல், கருமை. கரடுமுரடான வழிதான், ஆனால் படிகமான பாறைகளில் பெரும்பாலும் சரியாக வரும்.

அடர்த்தி இன்னும் நம்பகமானது, அளப்பதும் சுலபம். கல்லைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுங்கள், முதல் எடையை இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். கிரானைட் 2.65க்கும் 2.7க்கும் நடுவில் வரும், துளையில்லாத பசால்ட் 2.8இலிருந்து 3 வரை, பெரிடோடைட் 3.2க்கு மேல். துளை நிறைந்த கல்லில் இந்தக் கணக்கு பலிக்காது. காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அருகே கொண்டுபோனால் பசால்ட் பெரும்பாலும் லேசாக இழுக்கும், உள்ளே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் பொடி இருப்பதால்.

கண்ணாடி, நுரை, சாம்பல்

நிறத்தை நம்பினால் கவிழ்க்கிற கல் ஆப்சிடியன். கறுகறுவென்று இருக்கும், ஆனால் வேதியியலில் அது ரயோலைட், சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டும். கண்ணாடிக்குள் சிதறிய மிகச் சிறிய அளவு இரும்புத் தாதுத் துகள்கள் அந்த நிறத்தைக் கொடுக்கின்றன. உடைந்தால் சங்கின் உட்புறம் போல வளைந்த வரிகள் தெரியும், மெல்லிய ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி கசியும், அடர்த்தியும் 2.4 சுற்றித்தான். அதே குழம்பு வாயுவோடு நுரைத்து இறுகினால் நுரைக்கல்; 1883இல் கிராக்கடோவா வெடித்த பிறகு நுரைக்கல் திட்டுகள் இந்தியப் பெருங்கடலில் நீண்ட தூரம் மிதந்து திரிந்தன. பசால்ட் குழம்பு நுரைத்தால் கிடைப்பது ஸ்கோரியா, கறுப்பாகவோ செங்கல் சிவப்பாகவோ, தடித்த சுவருள்ள துளைகளோடு இருக்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

எரிமலைச் சாம்பல் படிந்து இறுகினால் டஃப். இதை மணற்கல் என்று நினைப்பது சகஜம். லென்ஸில் உடைந்த படிகத் துண்டுகளும் நுரைக்கல் துணுக்குகளும் மட்டும் தெரிந்து, உருண்டு தேய்ந்த மணியே இல்லையென்றால் டஃபாக இருக்கலாம். சூடாகவே விழுந்து ஒட்டிக்கொண்ட டஃபில் அந்த நுரைக்கல் துணுக்குகள் தட்டையாக நசுங்கி நீண்டிருக்கும்.

பாறை இருக்கும் இடத்தையும் படியுங்கள்

கையில் இருக்கும் துண்டு பாதிக் கதைதான். பசால்ட் படுக்கை ஒன்று பாறை அடுக்குகளுக்கு நடுவே கிடந்தால், அது மேலே ஓடிய லாவாவா, அடுக்குகளுக்குள் புகுந்த சில் என்ற தகடா என்று கேளுங்கள். லாவாவானால் அதற்குக் கீழே உள்ள மண் மட்டும் வெந்து சிவந்திருக்கும், மேற்பரப்பில் துளைகள் மிகுந்திருக்கும். சில்லானால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் வெந்திருக்கும், விளிம்புகளில் மணி நுண்ணியதாகவும் நடுவில் பெரிதாகவும் இருக்கும், ஏனென்றால் குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம்தான் முதலில் ஆறியது. ஒரே உடலின் ஓரத்தில் பசால்ட்டையும் நடுவில் டோலரைட்டையும் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு வேறு பாறைகள் என்று வாதிடுபவர்கள் உண்டு.

ஆறும்போது சுருங்குவதால் வரும் தூண்களும் நல்ல தடயம். வட அயர்லாந்தின் ஜயண்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 பசால்ட் தூண்கள், பெரும்பாலும் அறுகோணமாக, நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தூண்கள் ஆறிய பரப்புக்குச் செங்குத்தாக வளரும், ஆகவே படுத்திருக்கும் தூண்களைப் பார்த்தால் பக்கவாட்டில் ஆறிய டைக்காக இருக்கலாம் என்று யோசியுங்கள்.

கடைசியாக, எடுத்த கல்லுக்கு ஒரு எண் போட்டு, எங்கே எடுத்தது, பாறையிலிருந்து உடைத்ததா தரையில் கிடந்ததா, மணி அளவு, தெரிந்த கனிமங்கள், அடர்த்தி என்று எழுதிவையுங்கள். பெயருக்கு உறுதி இல்லையென்றால் “இருண்ட நுண்மணிப் பாறை, ஒலிவின் உண்டு, பசால்ட்?” என்று கேள்விக்குறியோடே எழுதலாம், களத்தில் வேலை செய்கிற புவியியலாளர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள், மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்விக்குறியை எடுப்பார்கள்.